முடிச்சு அவிழ்ந்ததும் வருகிறேன்

இந்தப் பையைச் சற்று உங்கள் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? கனமில்லை, உள்ளே ஒரு சேலை மட்டும்தான் இருக்கிறது. ஓ, நகர்ந்து இடமே தருகிறீர்களா? நன்றி. வகுப்பறையில் நின்றே வாழ்நாளைக் கழித்தவள் நான், நிற்பது ஒன்றும் புதிதல்ல. ஆனால் தெற்குவாசல் பாலத்தில் ஏறிய பேருந்து எப்போது இறங்கும் என்பது அதன் ஓட்டுநருக்கே தெரியாது.

வில்லாபுரம்தானே போகிறது? நீங்களும் அங்கேதானா? நல்லதாகப் போயிற்று. சொந்த வீடா? மாடியில் ஓர் அறை போட்டு வாடகைக்கும் விட்டிருக்கிறீர்களா? தனியாக வந்த பெண்ணுக்கா? துணிச்சல்காரர் நீங்கள். என்னது, அறையைப் பார்க்க வந்தவள் தண்ணீர் எப்போது வரும் என்றுகூடக் கேட்கவில்லையா? கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றுதான் கேட்டாளா? வேடிக்கைதான். உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளா? நல்லது, நல்லது. அவளைப் பற்றி அப்புறம் சொல்லுங்கள். முதலில் நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களால் எனக்கு ஓர் உதவி ஆகவேண்டியிருக்கிறது.

நான் பேராசிரியர் சௌதாமினி. மனையியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவள். துணியியலில் முனைவர் பட்டம். மனையியல் என்றால் சாம்பார் வைக்கச் சொல்லித்தருவதா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட துணைவேந்தர் ஒருவருக்கு நான் சொன்ன பதிலை எங்கள் கல்லூரியில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். உள்ளதை உள்ளபடி முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என் சுபாவம். ஒளிவும் மறைவும் எனக்குப் பிடிக்காது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

அழகர்கோவில் சாலையில் ‘புலரி’ என்று ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. மனநோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டு தேறிவரும் பெண்கள் தங்கும் இடம். ஏன் அப்படி நிமிர்ந்து உட்காருகிறீர்கள்? அவர்கள் கடிக்க மாட்டார்கள் அம்மா. நம்மைப் போலத்தான் இருக்கிறார்கள். நம்மைவிடச் சற்றுக் குறைவாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு நான் அந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்களா என்று இன்பராஜ் ஒருமுறை கேட்டார். அவர்தான் அங்கே டாக்டர். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு ஏதாவது சொல்வார்.

அந்தப் பெண்களுக்குச் சுங்குடி கற்றுத்தருவது என் திட்டம். மதுரைக்காரராகிய உங்களுக்குச் சுங்குடிச் சேலையை உடுத்தத் தெரிந்திருக்கும். அது பிறக்கும் விதம் தெரியுமா? வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலைச் சுற்ற வேண்டும். பிறகு துணியைச் சாயத்தில் முக்க வேண்டும். சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும் துணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துச் சரேலென்று இழுத்தால், நூலெல்லாம் படபடவென்று தெறித்துவிடும். உள்ளிருந்து வெள்ளைப் பூ மாதிரி புள்ளிகள் எட்டிப் பார்க்கும். முடிச்சு என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, உண்மையில் முடிச்சுப் போடக்கூடாது. சுற்றி விட வேண்டும், அவ்வளவுதான். போட்டால் அவிழாது. இதை முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இதிலிருந்து நான் ஒரு கோட்பாட்டை உருவாக்கினேன். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துயரம். கட்டும்போது அந்தத் துயரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இறுதியில் துணியை இழுக்கும்போது துயரங்கள் எல்லாம் ஒன்றாகத் தெறித்துவிடும். ‘முடிச்சும் மனமும்’ என்று கட்டுரையாக எழுதி மாநாட்டில் வாசித்தேன். அரங்கமே அசையவில்லை. மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வு என்பது வேறு விஷயம்.

ஆனால் வகுப்பில் என்ன நடந்தது தெரியுமா? ஜுலேகா என்று ஒருத்தி. கையைத் தூக்கினாள். “மேடம், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு வருது. எனக்கு அம்புட்டுக் கவலை இல்லையே. பக்கத்து பெட்டுக்காரி கவலையையும் சேத்துக் கட்டவா?” என்றாள். சிரிப்பு. வகுப்பில் இருந்த ஆறு பேரும் நூலைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பாடத்திட்டத்தில் சிரிப்புக்கு இடமே ஒதுக்கவில்லை நான்.

அந்த ஆறு பேரில் ஒருத்திதான் பவளக்கொடி. நான் தேடி வந்திருப்பவள் அவள்தான். சாத்தூர்ப் பக்கம். காதில் யார் யாரோ பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவளை, கணவன் வீட்டார் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வீட்டையும் செல்பேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இல்லத்துக்கு வந்தபோது கைவிரல்கள் மாத்திரையின் வேகத்தில் நடுங்கிக்கொண்டிருக்குமாம். நான் பார்த்தபோது அந்த விரல்கள் துணியில் கடுகு விதைத்தாற்போல் கட்டிக்கொண்டே போயின. எல்லாரிலும் நுணுக்கமான கை அவளுடையது. அதை மறுக்க மாட்டேன்.

“கட்டும்போது என்ன துயரம் தோன்றுகிறது, பவளக்கொடி?” என்று கேட்டேன்.

“கவலையெல்லாம் கட்ட வேணாம் மேடம், புள்ளியக் கட்டுனாப் போதும்” என்றாள். “கை ஓடிக்கிட்டிருந்தா தலைக்குள்ள சத்தம் கம்மியா இருக்கு. அதான்.”

அதான்! ஒரு கோட்பாட்டுக்கு ‘அதான்’ என்று அடிக்குறிப்புப் போட முடியுமா?

அவளுக்கு உடம்பும் மனமும் தேறத் தேற ஒரே ஆசைதான். வெளியே ஓர் அறை வேண்டும். தையல் யூனிட் ஒன்றில் வேலையும் பேசி வைத்திருந்தாள். அறை எப்படி இருக்க வேண்டும் என்று ஜுலேகாவிடம் ஓயாமல் பேசுவாள். சன்னல் வேண்டாமாம், மின்விசிறி வேண்டாமாம், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தால் போதுமாம். “நானாப் போட்டு நானாத் தெறக்கணும்” என்பாள். ஆஸ்பத்திரியிலும் இல்லத்திலும் பாதுகாப்புக்காக உள்தாழ்ப்பாள் வைப்பதில்லை, அதைப் போய் ஒரு குறையாக…

ஏன் அம்மா பையை அப்படி இறுக்குகிறீர்கள்? சேலை கசங்கிவிடும்.

யாரையாவது அடித்திருக்கிறாளா என்கிறீர்களா? சேச்சே. எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவாள். மாத்திரையா? டாக்டர் சொல்லியபடி ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், மாதம் தவறாமல் வந்து காட்டிவிட்டும் போகிறாள். முகவரியைத்தான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறாள். உங்கள் முகம் ஏன் இப்படி மாறுகிறது? வெயிலா? சன்னல் பக்கம் திரும்பி உட்காருங்கள். நான் பேசுவது காதில் விழுந்தால் போதும்.

விழாவுக்கு வருகிறேன். எங்கள் திட்டத்தின் நிறைவு விழா. ஒரு நூற்பாலை அதிபர் தலைமை விருந்தினர். ஆறு பேரும் சேர்ந்து கட்டிய இந்தச் சேலையை அவரும் அவர் துணைவியாரும் மேடையில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க வேண்டும். முடிச்சுகள் தெறிக்கும். கைதட்டல். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் பவளக்கொடி மேடையேறித் தன் கதையைச் சொல்ல வேண்டும். பெயர், ஊர், நோயின் பெயர், எல்லாம். பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். அவளுக்கான உரையை நானே எழுதினேன். ‘நான் இருளில் இருந்தேன்’ என்று தொடங்கும்.

வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: “நான் இருட்டுல இல்லையே மேடம். ஆஸ்பத்திரில ராத்திரி பகலா டியூப்லைட் எரிஞ்சுக்கிட்டேதான இருந்துச்சு. அதுலதான் தூக்கமே வரல.”

உருவகம் என்று ஒன்று உண்டு என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது?

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். “மேடம், சேலையக் காட்டுங்க. என்னையக் காட்டாதீங்க. அறை பாத்திட்டேன். வீட்டுக்காரம்மா தினம் பேப்பர் படிக்கிறவங்க. படம் வந்தா அறை போயிரும், வேலையும் போயிரும். எனக்கு வேற போக்கு இல்ல மேடம்.”

நான் கோபப்படவில்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். “பவளக்கொடி, காய்ச்சல் வந்தால் மறைக்கிறோமா? சர்க்கரை வந்தால் மறைக்கிறோமா? மனநோயை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? நீ மறைப்பதால்தான் சமுதாயம் ஏளனம் செய்கிறது. நீ துணிந்து நின்றால் ஆயிரம் பெண்கள் துணிவார்கள்” என்றேன். எவ்வளவு நல்ல வாக்கியம், பாருங்கள். அதைக் கேட்டுவிட்டு, “அந்த ஆயிரம் பேரும் எனக்கு அறை தருவாங்களா மேடம்?” என்கிறாள்.

நான் விடவில்லை. டாக்டரிடம் போனேன். “வெளியே போக வேண்டும், ஒளிந்து வாழ வேண்டும் என்று துடிக்கிறாள், இது ஓர் அறிகுறி அல்லவா?” என்றேன். “ஆமா மேடம், குணமாயிட்டதோட அறிகுறி” என்றார். சொன்னேனே, நகைச்சுவை.

விழாவுக்கு முந்தைய வாரம் பவளக்கொடி தானாகவே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. “சரி மேடம். முடிச்செல்லாம் அவுந்ததும் மேடைக்கு வாரேன். அவுந்ததும் கூப்பிடுங்க” என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல ஆண்டு ஆசிரியப் பணியில், என் வார்த்தை ஒருவர் மனத்தில் இறங்குவதைக் கண்ணால் பார்த்த தருணம் அது. அந்த வாரம் முழுவதும் ஆறு பேரும் ஓய்வு நேரத்தில்கூடச் சேலையைச் சுற்றி உட்கார்ந்து, சாயத்தில் முக்குவதற்குள் விட்டுப்போன இடங்களைக் கட்டுகிறோம் என்று கட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் உள்ளே எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். பக்தியோடு செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

விழா நாள். நூற்பாலை அதிபர் ஒரு பக்கம், துணைவியார் மறுபக்கம். நான் ஒலிபெருக்கியில், “இதோ, துயரங்கள் தெறிக்கப் போகின்றன” என்றேன். இழுத்தார்கள்.

ஒன்றும் தெறிக்கவில்லை.

“இன்னும் பலமாக” என்றேன். இழுத்தார்கள். மேளக்காரர் நான் சைகை காட்டாமலே வாசிக்கத் தொடங்கிவிட்டார். அதிபர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். துணைவியார் அவரைவிட வலுவானவர். அவர் ஒரு வெட்டு வெட்டி இழுத்ததில் அதிபர் மாலையும் கையுமாக மேசை வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தார். “விட்ராத, விட்ராத” என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். தேர் வடமா அது? நானும் போய் ஒரு முனையைப் பிடித்தேன். சேலையின் கரை கிழிந்ததே தவிர ஒரு முடிச்சு அவிழவில்லை. இந்த ஆறு பெண்களும் முதல் வரிசையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கோவிலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் பவளக்கொடியைப் பார்த்துக் கையை அசைத்தேன். வா, பரவாயில்லை, வந்துவிடு என்று. அவள் உட்கார்ந்த இடத்திலேயே மிகுந்த மரியாதையுடன் சொன்னாள்: “முடிச்சு அவுறலையே மேடம். அவுந்ததும்தான வாரேன்னேன்?”

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. யாருடையது என்கிறீர்கள்? என்னுடையது. வாயைப் பிளந்துகொண்டு, கொண்டை அவிழ்ந்து, சேலை முனையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். நேரே பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒருவருடைய படத்தை, அவருடைய அனுமதி இல்லாமல், அவர் விரும்பாத கோலத்தில் ஊர் முழுக்கப் பரப்புவது என்ன நாகரிகம்? நாளைக்கு நான் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? நன்றாகக் கேட்டுவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், கேட்டது நியாயம்தானே?

வீட்டில் வைத்துச் சேலையைச் சோதித்தேன். ஒவ்வொரு புள்ளியிலும், சுற்றிய நூலுக்கு அடியில் ஒரு முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு. முதல் வகுப்பில் எதைச் செய்யக்கூடாது என்றேனோ அதையே சேலை முழுவதும் செய்திருக்கிறார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நோய் திரும்பிவிட்டது. கவனச் சிதறல், கற்றது மறத்தல், எல்லாம் அதன் கூறுகள். ஆறு பேருக்கும் ஒரே வாரத்தில் எப்படித் திரும்பியது என்பதுதான் வியப்பு. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். “மேடம், ஆறு பேர் உக்காந்து ஒரு திட்டம் போட்டு, வெளிய மூச்சு விடாம, ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்குடுக்காம முடிச்சிருக்காங்க. எந்த மாத்திரையும் எனக்கு இப்படி ஒரு ரிசல்ட் குடுத்ததில்ல” என்றார். அந்த வாரமே பவளக்கொடியை வெளியே அனுப்பிவிட்டார். அவருக்கும் ஓய்வு தேவை என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஏன் இப்போது சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? இருமலா? சரி, இந்தத் தண்ணீரைக் குடியுங்கள். இருங்கள், பையின் பக்க அறையில் இருக்கிறது. அது இல்லை, அது மாத்திரை அட்டை. கொடுங்கள் இப்படி. என்னுடையது அல்ல, என் மகனுடையது. பெங்களூரில் பெரிய வேலையில் இருந்தான். ஆறேழு மாதமாக வீட்டில் இருக்கிறான். அறையை விட்டு வெளியே வருவதில்லை, குளிப்பதற்கும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. நீங்கள் நினைப்பது போல அல்ல. இது வேறு. இது வேலைப்பளு. மருந்துக்கடையில் பெயர் கேட்டால் என் பெயரைத்தான் சொல்லி வாங்குகிறேன். மதுரையிலேயே டாக்டர் இருக்கும்போது திருச்சிக்கு ஏன் அழைத்துப் போகிறேன் என்று கேட்காதீர்கள். அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் இல்லை, வரிசையும் குறைவு. அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், எல்லாம் நின்றுவிடும். நீங்கள் முகம் தெரியாதவர், இருந்தாலும் கேட்கிறேன், இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அம்மா. சொல்ல மாட்டீர்களே? என் கையைப் பிடித்துச் சொல்கிறீர்கள், போதும்.

என்ன கேட்டீர்கள்? அவன் கைக்கு ஏதாவது வேலை கொடுக்கலாமே என்றா? அவனிடம் போய்ச் சுங்குடி கட்டச் சொல்வதா! அவன் பொறியாளர், அம்மா. சுங்குடி என்பது அவர்களுக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். பாலம் முடியப் போகிறது. சென்னையில் அடுத்த மாதம் மாநில அளவில் ஒரு கண்காட்சி. இந்தத் தடவை விடப்போவதில்லை. இந்தச் சேலையை அவளே அவிழ்க்க வேண்டும், அவளே மேடையில் நிற்க வேண்டும். வில்லாபுரத்தில் ஒரு மாடி அறை என்பது மட்டும் ஜுலேகாவின் வாயிலிருந்து தவறி விழுந்தது. இன்று வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் நாளைக்கே நிருபரோடு வந்துவிடுவேன். அவள் அறை, அவள் அடுப்பு, அந்தத் தாழ்ப்பாள், எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரரிடமும் பேட்டி எடுக்கலாம். ‘மனநோயாளிக்கு வீடு கொடுத்த மாதரசி’ என்று. எவ்வளவு நன்றாக இருக்கும்!

சொல்லுங்கள். பவளக்கொடி, மாநிறம், நாற்பது வயது இருக்கும், தையல் வேலை. உங்கள் பகுதியில் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இல்லையா? நிச்சயமாகவா? வில்லாபுரத்தில் அப்படி யாருமே இல்லையா? உங்கள் மாடியில் இருப்பது… உங்கள் தங்கை மகளா? வாடகைக்கு விட்டதாகச் சொன்னாற்போல ஒரு நினைவு. நான்தான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. பிறந்ததிலிருந்தே உங்கள் கையில் வளர்ந்தவளா? அப்படியானால் அவளாக இருக்க வழியில்லை.

என்ன சொன்னீர்கள், திருநகரா? அங்கே தையல் யூனிட் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒருத்தியை நீங்களே பார்த்தீர்களா? பார்த்தீர்களா! ஜுலேகா என்னைத் திசைதிருப்பிவிட்டாள். அவளுக்கு இன்னும் முழுக்கக் குணமாகவில்லை என்று நான் சொன்னது சரிதான். இங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, பெரியார் நிலையம் போய், திருநகர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமா? கடைசி நிறுத்தத்திலிருந்து இன்னும் உள்ளே நடக்க வேண்டுமா? நடக்கிறேன், அதற்கென்ன.

பையைக் கொடுங்கள். மிகவும் நன்றி அம்மா. முகத்தைப் பார்த்ததுமே நினைத்தேன். உங்களைப் போல ஒளிவு மறைவில்லாமல் உள்ளதைச் சொல்பவர்கள் இந்த ஊரில் குறைந்துவிட்டார்கள். இறங்குகிறேன், நடத்துநரே, ஒரு நிமிடம், விசில் ஊதிவிடாதீர்கள்!

ஆமாம், உங்கள் மாடியில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் ஏதோ சொல்ல வந்தீர்களே? ஒன்றுமில்லையா? கொடுத்துவைத்தவள். அவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.